ஒப்பமில்லாத முகங்கள்

பத்திரிகைக்குப் படம் எடுப்பது வேறு; இணையப் படக் களஞ்சியங்களுக்குப் படம் அனுப்புவது வேறு. பத்திரிகையில் செய்தி படத்தைத் தாங்கி நிற்கும். களஞ்சியத்திலோ, முன்பின் அறியாத ஒருவர் ஏதோவொரு தேவைக்கு விலை கொடுத்து வாங்கப் போகும் படம் அது. ஆகவே பரிசோதகர்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கின்றார்கள். நுவரெலியா, ஹட்டன் பக்கம் கமராவுடன் அலையும் இளைஞர்கள் சிலர், தங்கள் படங்கள் நிராகரிக்கப்பட்டதாக என்னிடம் குறைப்படுவதுண்டு. அதுபற்றிச் சில வார்த்தைகள்.

முதற்காரணம் மலைநாட்டுக் காலநிலை. மூடுபனியில் கமராவின் தானியங்கிக் குவியம் தடுமாறும். மங்கிய வெளிச்சத்தை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தினால் படமெங்கும் மணல் தூவியதுபோற் புள்ளிகள் படியும். கமராவின் உணரியில் ஒட்டிய தூசி, வெண்பனிப் பரப்பில் அப்பட்டமாகத் தெரியும். தேயிலைப் பச்சையைக் கணினியில் மேலும் பச்சையாக்கினால் அதுவும் குறையே. முக்காலியும் பொறுமையும் இருந்தால் இவை பெரும்பாலும் தீரும்.

இரண்டாவது, ஒரே மாதிரியான படங்கள். சென் கிளேயர் நீர்வீழ்ச்சி, வளைந்து செல்லும் ரெயில், கூடை சுமந்து சிரிக்கும் பெண். பல தோட்டங்களில் இன்று கொழுந்து சேர்வது பிரம்புக் கூடையில் அல்ல, பையில். படங்களில் மட்டும் கூடை இன்னும் இறங்கவில்லை. களஞ்சியத்தில் ஆயிரக்கணக்கில் இருப்பதையே மீண்டும் அனுப்பினால் யார் ஏற்பார்?

இளைஞர்களை அதிகம் சலிப்படையச் செய்வது மூன்றாவது காரணம். முகம் அடையாளம் தெரியும் ஒருவரின் படத்தை விளம்பரத் தேவைக்கு விற்பதாயின், அவர் ஒப்பமிட்ட சம்மதப் படிவம் வேண்டும். பெயர், முகவரி, திகதி, சாட்சி எல்லாம் கேட்பார்கள். 18 வயதுக்கு உட்பட்டவராயின் பெற்றோரோ பாதுகாவலரோ ஒப்பமிட வேண்டும். படிவம் இல்லாவிடின் செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற பிரிவில் அனுப்பலாம்; அந்தப் படம் தேயிலைப் பெட்டியில் ஏற முடியாது. "மலையில் நிற்கும் பெண்ணிடம் போய்க் கடதாசியை நீட்டுவதா?" என்று கேட்கின்றார்கள்.

நீட்டத்தான் வேண்டும் என்பது என் கருத்து. புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் காலமானார். அவரது கல்லறை பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளவில் இருக்கின்றது. இங்கிலாந்தில் அவர் படமெடுத்த டெனிசனையும் டார்வினையும் நாம் பெயரோடு அறிவோம். இலங்கையில் அவர் எடுத்த தொழிலாளர் முகங்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பெயரில்லை. அவர்களிடம் எவரும் ஒப்பம் கேட்கும் காலமல்ல அது.

ஒளிப்படத்தில் மட்டுமா? 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று அவர்களைப் பங்கிட்டது. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் அவர்களின் விருப்பத்தைக் கேட்கவில்லை. இத்தகைய வரலாறுள்ள ஒரு சமூகத்தின் பெண்ணிடம், "உங்கள் முகத்தை விற்கலாமா?" என்று ஒரு படிவம் கேட்கின்றதென்றால் அதை அற்பமென்று தள்ளலாமா?

முகவரி என்ற கட்டத்தில் சிக்கல் வரும். லயன் காம்பராக்கள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லாமையால், கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கே வந்து சேர்ந்தன. அந்தக் கட்டத்தை நிரப்பும்போதாவது நம் இளைஞர்கள் படத்துக்கு வெளியே இருப்பதைக் காண்பார்கள்.

ஆகவே, படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். அந்தப் படம் எந்த நாட்டில், எந்தப் பொருளின் மேலும் வரலாம் என்பதை மறைக்காமற் சொல்லுங்கள். அடுத்த முறை போகும்போது ஒரு பிரதியை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் வேண்டாமென்றால் அந்தப் படத்தை அனுப்பாதீர்கள். நிராகரிக்கும் உரிமை பரிசோதகருக்கு முன்னே அவருக்கு உண்டு.