பன்னிரண்டு வருஷக் கணக்கு

மஞ்சள் பையை மேஜைமேல் வைத்ததுமே அந்த அம்மா கேட்டார்: “பன்னெண்டு வருஷம் குடியிருந்துட்டா வீடு அவங்களுக்கே சொந்தமாயிடுமாமே தம்பி? வர்ற தையோட பன்னெண்டு முடியுது. அதுக்குள்ள காலி பண்ண வெச்சிடுங்க.”

அவர் வீட்டின் கீழ்ப்பகுதியில் இருப்பது ஒரு தையற்காரர் குடும்பம். வாடகை பாக்கியில்லை, சச்சரவில்லை. இவருக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருவதும் அவர்கள்தான். பயம் ஒன்றுதான் காரணம்.

பன்னிரண்டு என்ற எண் பொய்யில்லை. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் உரிமையாளருக்கு எதிராக, ஊரறிய, ‘இது என் சொத்து’ என்று ஒருவர் இடத்தை வைத்துக்கொண்ட நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு ஓடும். எதிரிடை அனுபவ பாத்தியம் என்பது அதுதான். வாடகைக்கு வந்தவரோ அனுமதியோடு வந்தவர். வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு உரிமையே இல்லை என்று குடியிருந்துகொண்டே வாதாட, 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் அவரை விடவில்லை. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் விடவில்லை.

பையைத் திறந்தேன். ரப்பர் பேண்ட் போட்டு, வருஷவாரியாக வாடகை ரசீதின் அடிக்கட்டைகள். “இது போதும்மா” என்றேன்.

“அப்ப எந்தக் காலத்துலயும் போகாதுன்னு எழுதிக் குடுங்க.”

அப்படி எழுத என்னால் முடியவில்லை. நாளை வாடகை ஒப்பந்தம் முடிந்து, தையற்காரர் வாடகையை நிறுத்தி, வீடு தன்னுடையது என்று சொல்லி, இவரும் பன்னிரண்டு வருஷம் வழக்குப் போடாமல் இருந்துவிட்டால் கதை வேறு. அதையும் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் மறுபடி வாடியது.

சட்டம் வாய்வழியாக ஊருக்குள் வரும்போது எண் நிற்கிறது, நிபந்தனை உதிர்ந்துவிடுகிறது. ஜனங்களைக் குறை சொல்ல மாட்டேன். சொத்தைப் பற்றிய பயத்தோடு வருகிறவருக்கு ‘உண்டு’, ‘இல்லை’ என்று ஒரு சொல்தான் வேண்டும். வக்கீல்கள் நாங்கள் ‘ஆனால்’ என்று இழுத்தால் மழுப்புவதாகத் தோன்றும். அந்த ஒவ்வொரு ‘ஆனா’லும் யாரோ ஒருவரைக் காப்பதற்காக வைத்தது. இங்கே அது இந்த அம்மாவின் வீட்டையும் காத்தது, தையற்காரரின் குடியிருப்பையும் காத்தது.

ஒப்பந்தத்தைப் புதுப்பித்து எழுதி, பதிவு செய்துகொள்ளச் சொன்னேன். அடிக்கட்டைகளை எண்ணிப் பைக்குள் வைத்தவர், வாசலில் நின்று திரும்பினார்.

“ரசீதுப் புஸ்தகம் தீர்ந்துபோச்சு தம்பி. புதுசு எந்தக் கடையில கிடைக்கும்?”