சந்திரகிரி அரண்மனையும் அதன் சோலையும்

திருப்பதிக்கு வாராத தமிழர் அரியர். மலையேறி, முடி காணிக்கை செலுத்தி, பெருமாளைச் சேவித்து, லட்டுப் பிரசாதத்துடன் அடுத்த வண்டியில் ஊர் திரும்புவதே பெரும்பாலோர் வழக்கம். பிழைப்பின் பொருட்டுச் சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய நம்மவருள்ளும், அருகிலிருக்கும் சந்திரகிரி அரண்மனையைக் கண்டவர் சிலரே. அக்குறை தீர, நம் சங்கத்துக் குடும்பங்கள் சில ஒன்றுகூடி ஒரு ஞாயிறன்று அங்குச் சென்று வந்தோம்.

சித்தூரிலிருந்து பாகாலா வழியாகத் திருப்பதி செல்லும் இருப்புப்பாதையில் சந்திரகிரி ஒரு நிலையம். திருப்பதியிலிருந்து செல்வோருக்குத் தொலைவு ஏறக்குறைய 12 கிலோமீட்டர், பேருந்துகளும் உண்டு. ஊரைக் கடந்து கோட்டை வாயிலுள் புகுந்தால், பெரும்பாறைக் குன்றொன்றின் அடிவாரத்தில் ராஜமஹால் எழுந்து நிற்கும் காட்சி கண்ணைக் கவர்கின்றது. சற்று அப்பால் இரண்டடுக்குடைய ராணிமஹால் உள்ளது.

ராஜமஹால் மூன்று அடுக்குகள் கொண்டது. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து ஆகியவற்றாலேயே கட்டப்பெற்றது. மரத்தை அறவே பயன்படுத்தாமல் இத்துணைப் பெரிய மாளிகையை எழுப்பியது வியப்பன்றோ! சாளரங்களின் வளைவுகள் இஸ்லாமியச் சிற்பமுறையை நினைவூட்டுகின்றன. உச்சியிலுள்ள சிகரங்களோ நம் கோயில் விமானங்களை ஒத்துள்ளன. உள்ளே தொல்பொருள் துறையின் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. கற்சிலைகளும் செப்புத் திருமேனிகளும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

அரண்மனையைச் சூழ்ந்த புல்வெளியும் மரநிழலும் பிற்காலத்தில் அமைக்கப்பெற்றவை. எனினும் அவற்றினூடே மெல்ல நடந்து செல்வதே இவ்விடத்தைக் காணும் முறை. ஜப்பான் நாட்டுக் கியோட்டோவில் காத்சுரா என்னும் மாளிகை இருக்கின்றது. அதன் தோட்டத்தில் குளத்தைச் சுற்றிச் செல்லும் பாதையின் ஒவ்வொரு திருப்பமும் ஒரு காட்சியை மறைத்து மற்றொன்றைக் காட்டுமாம். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அம்மாளிகை உருவாகத் தொடங்கியது; சந்திரகிரியில் ராயர்கள் வீற்றிருந்த காலமும் அதுவே. அது மரத்தாலான வீடு, இது மரமே இல்லாத வீடு. ஆயினும் இங்கும் கிழக்கே நின்றால் ஒரு தோற்றம், மரங்களுக்கிடையே நின்றால் மற்றொரு தோற்றம். ஓடிப் பார்ப்பவர்க்கு இவை புலப்படா.

1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தபின், அரவீடு மரபினர் பெனுகொண்டாவிலிருந்தும் பின்னர்ச் சந்திரகிரியிலிருந்தும் ஆண்டனர். 1586 முதல் 1614 வரை அரசாண்ட வேங்கடபதிராயர் காலத்தில் இவ்வூர் சீரோடு விளங்கியது. பின்னர் 1639-இல், இவ்வரசுக்குட்பட்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர், கடற்கரையோரம் சிறு நிலப்பகுதியை ஆங்கிலக் கம்பெனியாருக்கு வழங்கினார். அதுவே சென்னை மாநகராக வளர்ந்தது! அவ்வுரிமையை 1645-இல் ஸ்ரீரங்கராயர் உறுதி செய்தார். நாயக்கரின் தந்தை சென்னப்பர் பெயரால் சென்னப்பட்டணம் என்னும் பெயர் வந்தது என்பர்.

இச்செய்தியை எங்களுக்குச் சொன்னவள் ஏழாம் வகுப்பு படிக்கும் சிறுமி ஒருத்தி. தெலுங்குப் பள்ளியில் பயில்பவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறுவாள். பெரியோர்களாகிய எங்களிற் பலர்க்குத் தெலுங்கு எழுத்துத் தெரியாது. அவள் தன் பாடத்திற் படித்ததைப் பாட்டிக்குத் தமிழில் விளக்கினாள். பாட்டி சிறிது நேரம் எண்ணிவிட்டு, "அப்படியென்றால் நம்ம பட்டணத்துக்கு இந்த ஊர்தானேடி தாய்வீடு?" என்றார்.

அச்சொல்லை நாங்கள் மறக்கவில்லை. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதன்பாற் சென்றது. 1960-இல் திருத்தணி தமிழ்ப் பக்கம் வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் இடம் மாறின. திருமலைச் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகளும் தெலுங்குக் கல்வெட்டுகளும் அன்றுபோல் அருகருகே இருக்கின்றன. நம் குழந்தைகள் தங்களை அயலாரென்று எண்ணி இங்கு வளரவேண்டுவதில்லை. அதே வேளையில், தமிழெழுத்தை இழந்தால் அச்சுவர்களில் பெரும்பகுதி அவர்களுக்கு ஊமையாகிவிடும். இரண்டையும் வாசிக்கும் பேறு அவர்களுக்குக் கிட்டவேண்டும். அதற்குத் துணை செய்வது வீட்டிலுள்ள பெரியோரின் கடமை.

அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோடையாயின் காலையிலேயே சென்றுவிடுதல் நலம். குடிநீரும் கட்டுச்சோறும் கொண்டு செல்க. நேயர்கள் தம் மக்களுடன் ஒருமுறை சென்று, நிதானமாகச் சுற்றி வருவார்களாக.