யார் வாசித்தது?

ஜனவரி 18, 2024

பிட்ச்ஃபோர்க்கைக் கொண்டுபோய் ஜிக்யூவோடு சேர்க்கிறார்கள். நேற்று காண்டே நாஸ்ட் நிறுவனம் அறிவித்தது. பலருக்கு வேலை போயிற்று. 1996-ல் மினசோட்டாவில் ரயன் ஷ்ரைபர் தொடங்கிய இசை விமர்சனத் தளம், கோட்டு சூட்டும் கைக்கடிகாரமும் விற்கிற பத்திரிகைக்குள் இனி ஒரு மூலையில் குடியிருக்கும்.

அந்தத் தளத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆல்பத்துக்குப் போடும் மார்க்கில் 7.8-க்கும் 7.9-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பதில் இருக்காது. பள்ளிக்கூட வாத்தியாரே அரை மார்க்கோடு நிறுத்திக்கொள்வார். ஆனால் மார்க்குக்குக் கீழே இருந்த கட்டுரைகளை விடாமல் படித்திருக்கிறேன். இந்த டிரம்மர் முன்பு எந்தக் குழுவில் இருந்தார், எந்த ஸ்டூடியோ, யார் பதிவு செய்தது என்கிற விவரமெல்லாம் எனக்கு அங்கேதான் கிடைத்தது. அதை இனி ஜிக்யூவில் யார் எழுதுவார்கள்?

மார்ச் 23

நேற்று வெள்ளிக்கிழமை. 2015 ஜூலையிலிருந்து உலகமெங்கும் புது ஆல்பம் வெளியாகும் கிழமை இதுதான். வாக்ஸஹாச்சியின் ‘டைகர்ஸ் பிளட்’ வந்துவிட்டது. வாக்ஸஹாச்சி என்றால் கேட்டி க்ரட்ச்ஃபீல்ட். ஊர் அலபாமா, அங்கே ஓடும் ஓர் ஓடையின் பெயர்தான் குழுவுக்கும். ஆல்பத்தின் பெயர் ஏதோ பயங்கரமானது என்று பார்த்தால், ஐஸைச் சுரண்டி மேலே சிவப்புச் சாறு ஊற்றித் தருவார்களே, அதில் ஒரு வகையாம்.

2020-ல் வந்த ‘செயின்ட் க்ளவுட்’ இவருக்கு ஒரு திருப்பம். பழைய இரைச்சல் கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு நாட்டுப்புறச் சாயலுக்கு வந்தார். இதிலும் அதே பாதைதான், தயாரிப்பும் அதே பிராட் குக்தான். வாசித்தவர்கள் வேறு. டிரம்ஸில் ஸ்பென்ஸர் ட்வீடி, வில்கோ குழுவின் ஜெஃப் ட்வீடியுடைய மகன். கிட்டாரும் கூடப் பாடும் குரலும் எம். ஜே. லெண்டர்மேன்.

அந்தக் குரலுக்காக ‘ரைட் பேக் டு இட்’ பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டேன். கேட்டியின் குரல் கணீரென்று முன்னால் நிற்கிறது. லெண்டர்மேன் அதற்குக் கீழே, கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடு, ஸ்வரத்தின் விளிம்பில் ஒட்டியும் ஒட்டாமலும் வருகிறார். நன்றாகப் பாடத் தெரிந்த ஒருவரை அந்த இடத்தில் போட்டிருந்தால் பாட்டு பளபளவென்று ஆகிக் கெட்டுப்போயிருக்கும்.

மாலையில் அக்கா மகன் வந்தான். கல்லூரிக் குழுவில் பேஸ் வாசிக்கிறவன்.

“மாமா, இதுக்கு எத்தன ஸ்டார் குடுப்பீங்க?”

“டிரம்ஸ் யாருன்னு பாத்தியா?”

“போன்ல அதெல்லாம் எங்க மாமா வருது?”

வருகிறது. மூன்று புள்ளியைத் தொட்டு உள்ளே போக வேண்டும். அங்கேயும் பாதிப் பேரைத்தான் போட்டிருப்பான். நம்ம ஊர் கேசட் உறையிலும் இதே கதைதான். பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பேர் இருக்கும். இளையராஜா பாட்டில் கிட்டார் சதானந்தம், பேஸ் சசிதரன், கீபோர்டு விஜி மேனுவல் என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது அந்த கேசட்டுகள் தேய்ந்தே போயிருந்தன. அவனிடம் சசிதரன் பேரைச் சொன்னேன். உடனே போனில் தேட ஆரம்பித்தான்.

ஏப்ரல் 14

சிண்டி லீயின் ‘டயமண்ட் ஜூபிலி’. எந்த ஸ்ட்ரீமிங் ஆப்பிலும் இல்லை. யூடியூபில் மொத்தமாக ஒரே துண்டாக இருக்கிறது. இல்லையென்றால் தொண்ணூறுகளின் ஜியோசிட்டீஸ் பாணியில் ஒரு பக்கம். அங்கே டபிள்யூஏவி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், விரும்பினால் 30 கனடிய டாலர் அனுப்பலாம். 32 பாட்டு, இரண்டு மணி நேரம். டபிள்யூஏவி நிமிடத்துக்குச் சுமார் பத்து எம்பி தின்னும். இறங்கி முடிப்பதற்குள் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

யூடியூபில் கேட்டால் பிடிக்காத பாட்டைத் தள்ளுவதற்கும் சோம்பலாக இருக்கிறது, எது எங்கே முடிகிறது என்று தேட வேண்டும். அதனால் உட்கார்ந்து கேட்டுவிடுகிறோம். அறுபதுகளின் பெண்கள் குழுப் பாட்டுகள், அவற்றின் மேல் கிழிசல் கிட்டார், தூரத்து வானொலி போல ஒரு மங்கல். முதல் மணி நேரம் அபாரம். இரண்டாவதில் நாலைந்து பாட்டு இல்லாவிட்டாலும் யாரும் தேடமாட்டார்கள். பிட்ச்ஃபோர்க் 9.1 கொடுத்திருக்கிறது; ஜிக்யூவுக்குப் போயும் புள்ளி போகவில்லை.

சிண்டி லீ என்பது பேட்ரிக் ஃப்ளெகல். கனடாவின் கால்கரியில் விமன் என்ற குழுவில் இருந்தவர். 2008-லும் 2010-லும் இரண்டே ஆல்பம். மேடையிலேயே அடிதடியாகி உடைந்தார்கள். அந்தக் குழுவில் ஃப்ளெகலோடு கிட்டார் வாசித்த கிறிஸ்டஃபர் ரைமர் 2012-ல் இறந்துபோனார், வயது 26. பேஸ் வாசித்த சகோதரர் மேட்டும் டிரம்மர் மைக் வாலஸும் வேறு குழு தொடங்கினார்கள். இன்றைக்கு அதன் பெயர் ப்ரீஆக்குபேஷன்ஸ். ராத்திரி விமனின் ‘பப்ளிக் ஸ்ட்ரெய்ன்’ போட்டேன். இரண்டு கிட்டாரும் ஒன்றையொன்று சீண்டிக்கொண்டே போகின்றன. ‘டயமண்ட் ஜூபிலி’யில் ஃப்ளெகல் அந்த இரண்டாவது கிட்டாரையும் தானே வாசிக்கிற மாதிரிதான் எனக்குக் கேட்கிறது. மார்க் போட்டவருக்கும் அது கேட்டிருக்கலாம்.

மே 9

ஸ்டீவ் ஆல்பினி போய்விட்டார். 7-ஆம் தேதி, மாரடைப்பு, சிகாகோவில். 61 வயது. அடுத்த வாரம் அவருடைய ஷெல்லாக் குழுவின் ஆல்பம் வரவிருக்கிறது, பத்து வருஷத்துக்குப் பிறகு.

அவரைத் தயாரிப்பாளர் என்று சொன்னால் பிடிக்காது. உறையில் ‘பதிவு செய்தவர்’ என்று போட்டால் போதும், போடாவிட்டாலும் சரி. பிக்ஸீஸின் ‘சர்ஃபர் ரோசா’ (1988), பி. ஜே. ஹார்வியின் ‘ரிட் ஆஃப் மீ’ (1993), நிர்வாணாவின் ‘இன் யூடெரோ’ (1993) எல்லாம் அவர் பதிவு. ராயல்டி வாங்கமாட்டார். நிர்வாணாவுக்கு எழுதிய கடிதத்திலேயே சொல்லிவிட்டார்: குழாய் வேலைக்கு வருகிறவருக்குக் கொடுக்கிற மாதிரி வேலைக்கு உண்டான கூலி போதும். விற்ற தட்டுக்கு ஒரு பங்கு என்றால் லட்சக்கணக்கில் வந்திருக்கும். பாட்டு எழுதியவரும் வாசித்தவரும் இருக்கும்போது பதிவு செய்தவனுக்கு ஆயுசுக்கும் பங்கு எதற்கு என்பது அவர் வாதம். இதைச் சொல்லிவிட்டுக் கோடி கோடியாகச் சேர்த்தவர்கள் உண்டு. இவர் சொன்னபடி நடந்தார். பேர் தெரியாத குழு வந்தாலும் அவருடைய எலக்ட்ரிக்கல் ஆடியோ ஸ்டூடியோவில் அதே கவனிப்பு.

1997-ல் திறந்த அந்த ஸ்டூடியோவின் அறைகளில் வெயிலில் காய்ந்த மண் செங்கல்லை வைத்துக் கட்டியிருக்கிறார். டிரம்ஸ் பதிவுக்கு அவர் செய்கிற வேலை ஒன்று: டிரம்முக்குப் பக்கத்தில் மைக்குகள், அது போக எட்டத்தில் தரையோடு தரையாக இன்னும் இரண்டு. அந்தத் தூரத்து மைக்கின் ஒலியை மில்லி செகண்ட் கணக்கில் தாமதப்படுத்திச் சேர்ப்பார். அறை பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கும். ‘இன் யூடெரோ’வில் ‘சென்ட்லெஸ் அப்ரென்டிஸ்’ தொடக்கத்தை ஹெட்போனில் கேளுங்கள். டேவ் க்ரோல் அடித்த அடி சுவரில் பட்டுத் திரும்புவதும் பதிவாகியிருக்கிறது.

மே 19

ஷெல்லாக்கின் ‘டு ஆல் டிரெய்ன்ஸ்’. பத்துப் பாட்டு, அரை மணிகூட இல்லை. பாப் வெஸ்டன் பேஸ், டாட் ட்ரெய்னர் டிரம்ஸ், ஆல்பினி அலுமினியக் கழுத்துக் கிட்டார். கிட்டார் வாரைத் தோளில் மாட்டாமல் இடுப்பில் பெல்ட் போலக் கட்டிக்கொள்வார். சத்தமும் ஏறக்குறைய அங்கிருந்துதான் வரும், வயிற்றில் குத்துகிற மாதிரி.

கடைசிப் பாட்டு நரகத்துக்குப் பயமில்லை என்கிறது. ஊரெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு அவர் தன் சாவை முன்கூட்டியே பாடிவிட்டார் என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. பல வருஷமாக வார இறுதிகளில் கூடிக் கூடிப் பதிவு செய்த ஆல்பம் அது. மனுஷர் வழக்கம்போல நக்கலடித்திருக்கிறார், அவ்வளவுதான். செத்தவரை ஞானியாக்காமல் நமக்குத் தூக்கம் வராது.

செப்டம்பர் 8

லெண்டர்மேனின் ‘மேனிங் ஃபயர்வொர்க்ஸ்’ வெள்ளிக்கிழமை வந்தது. ஊர் வட கரோலைனாவின் ஆஷ்வில். அங்கேயே அலெக்ஸ் ஃபாரரோடு சேர்ந்து பதிவு செய்திருக்கிறார். பெரும்பாலான வாத்தியங்களை அவரே வாசித்திருக்கிறார், டிரம்ஸ் உட்பட. பெடல் ஸ்டீல் ஸாண்டி செல்மிஸ். இருவரும் வெட்னஸ்டே குழுவில் கூட்டாளிகள்.

பெடல் ஸ்டீல் வாசிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கிட்டாரைப் பலகை மாதிரிக் கிடத்தி, இடது கையால் ஓர் இரும்புக் கட்டையைத் தந்திமேல் நகர்த்துவார்கள். காலடியில் மிதிகள். ஒன்றை மிதித்தால் ஓரிரு தந்தி மட்டும் ஏறும், மற்றவை அப்படியே நிற்கும். நம் கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடித்துவிடும். லெண்டர்மேன் பாட்டில் வருகிற ஆட்கள் தோற்றவர்கள், வாயாடிகள், பாதி பேர் மேல் பரிதாபப்படவும் முடியாது. அந்த ஸ்டீல் ஒன்றுதான் அவர்களுக்காக அழுகிறது. கடைசிப் பாட்டு பத்து நிமிடம், அதில் முக்கால்வாசி ஒரே முழக்கம். இரண்டு தடவை பொறுமையாகக் கேட்டேன். மூன்றாம் தடவை நிறுத்திவிட்டேன்.

அக்டோபர் 20

ஹெலீன் புயல் போன மாதக் கடைசியில் ஆஷ்வில்லைப் புரட்டிப்போட்டது. மலையூர், கடலுக்கு எவ்வளவோ தூரம். ஆறுகள் ஏறி வந்துவிட்டன. குழாயில் குடிக்கத் தண்ணீர் இன்னும் வரவில்லையாம். 2015 டிசம்பரில் சென்னையில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நிவாரணத்துக்காக ‘கார்டினல்ஸ் அட் தி விண்டோ’ என்று ஒரு தொகுப்பு பேண்ட்கேம்பில் வந்திருக்கிறது. 136 பாட்டு! ஆர்.இ.எம். இருக்கிறார்கள், லெண்டர்மேன் இருக்கிறார், வாக்ஸஹாச்சி இருக்கிறார். வாங்கிவிட்டேன். விமர்சனம் எழுத முடியாத ஆல்பம், எழுதவும் கூடாது. பேர்களை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டு போனேன்.

டிசம்பர் 15

பத்திரிகையிலிருந்து போன். இந்த வருஷத்தின் பத்து ஆல்பம், ஒவ்வொன்றுக்கும் ஸ்டார், ஐம்பது வார்த்தைக்குள். “வாசிச்சவங்க பேர் எல்லாம் வேணாம் சார், எடம் இல்ல.” ஸ்டாருக்கு மட்டும் இடம் இருக்கிறது.

‘டைகர்ஸ் பிளட்’ முதலிடம். ‘மேனிங் ஃபயர்வொர்க்ஸ்’ அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது, ஆனால் லெண்டர்மேன் இன்னொருவர் பாட்டுக்குள் அடங்கி வாசிக்கும்போதுதான் அவர் கிட்டார் எனக்குக் கூடுதலாகப் பேசுகிறது. ‘டயமண்ட் ஜூபிலி’ இரண்டு. அது இப்போது பேண்ட்கேம்புக்கும் வந்துவிட்டது, சாக்குச் சொல்ல முடியாது. ‘மேனிங் ஃபயர்வொர்க்ஸ்’ மூன்று. ‘டு ஆல் டிரெய்ன்ஸ்’ நான்கு, அனுதாபத்துக்காக இல்லை, அந்த டிரம்ஸுக்காக. மற்ற ஆறு இடத்துக்கும் ஆல்பம் கிடைக்காமல் இல்லை. ஒரு தடவை கேட்டதை வைத்துக்கொண்டு ஸ்டார் போட மனசு வரவில்லை. நான்கையும், ஐம்பது வார்த்தைக்குள் வாசித்தவர்கள் பேரையும் எழுதி அனுப்பிவிட்டேன். வெட்ட வேண்டுமானால் அவர்கள் வெட்டிக்கொள்ளட்டும்.