சத்தத்தை அடக்க வேண்டாம், விசாரியுங்கள்



2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்தும் என்ன, விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. நம்மில் அநேகமானோர் பழைய காரோடுதான் காலம் தள்ளுகிறோம். அதில்தான் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கலஹா பக்கமிருந்து தெல்தோட்டைக்கு ஏறி வருகிறோம். அதனால் எஞ்சின் சத்தம் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வகுப்பில் ஒரு பிள்ளை "சேர், வயிறு வலிக்குது" என்றால் எங்கே, எப்போதிருந்து, சாப்பிட முன்னா பின்னா என்று கேட்போம். காருக்கும் அதே கேள்விகள்தான். "ஒரு மாதிரிச் சத்தம் வருது பாஸ்" என்று மட்டும் சொன்னால் அவரும் ஊகித்து ஒவ்வொரு சாமானாக மாற்ற வேண்டியதுதான். செலவு நமக்கு.

முதலில் காரைச் சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு எக்சிலேட்டரை மெல்ல அழுத்துங்கள். எஞ்சின் வேகத்தோடு சத்தமும் கூடினால் கோளாறு எஞ்சின் பக்கம். ஓடும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் சில்லு, பிரேக் பக்கம்.

மழைக்காலக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் "கீச்" என்றால் பேன் பெல்ட்டைப் பாருங்கள். மேல்பக்கம் மெல்லிய "டிக் டிக்" கேட்டால் முதலில் ஒயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் சூடான பிறகு நிற்கவில்லை என்றால் டெப்பட் பார்க்க வேண்டும்.

ஏற்றத்தில் மட்டும், டின்னுக்குள் கல் குலுக்குவது போல வந்தால் அது வேறு. சிலிண்டருக்குள் பெற்றோல் தீச்சுடர் வந்து சேரும் முன் தானாகவே வெடிக்கிறது. கியரைக் குறைத்துப் பாருங்கள். 95 ஒக்டேன் கேட்கும் காருக்கு 92 அடிக்கிறீர்களா என்றும் பாருங்கள். கரி படிந்திருந்தாலும், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானாலும் இது வரும்.

அடியிலிருந்து கனமாக "டொக் டொக்" என்று இடித்தாலோ, ஒயில் சிவப்பு லைட் எரிந்தாலோ ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்துங்கள். "கராஜ் வரை போய்விடலாம்" என்று ஓட்டினால் பேரிங்கோடு முடிவது முழு எஞ்சினையும் தின்றுவிடும்.

சத்தத்தை அடக்குவது வைத்தியமல்ல. 1921இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி என்பவர், பெற்றோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்தால் அந்தக் கல் குலுக்கும் சத்தம் அடங்கும் என்று கண்டார். சத்தம் அடங்கியது, ஈயப் புகை பிள்ளைகளின் மூளையைப் பாதித்தது. இலங்கையில் அதை நிறுத்தியது 2002இல். உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது.

கார் விற்கும்போது தடித்த ஒயிலை ஊற்றிச் சத்தத்தை மறைப்பதும் அதே வேலைதான். வாங்குகிறவர் மறுநாள் தன் பிள்ளைகளை அதில்தான் ஏற்றுவார். குறையைச் சொல்லி விற்பது நம்மீது கடமை. வாங்குகிறவர்களே, எஞ்சின் ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று: கராஜுக்குள் போனதும் கார் நல்ல பிள்ளையாகிவிடும். சத்தம் வரும்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி போனில் பதிவு செய்து, எந்த கியர், ஏற்றமா இறக்கமா, சூடா குளிரா என்று குறித்துக்கொண்டு போங்கள். பாஸின் வேலை பாதியாகக் குறையும்.