அப்பா எப்போ டைல்ஸ் செய்ய ஆரம்பிப்பார்?

சிம்பிள் பிரசன்ட் டென்ஸ் பற்றி ஒரு கட்டுரை. ஆறாங்கிளாஸ் பாடத்தை காலேஜ் முடிக்கப் போகிறவன் எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். கேம்பஸ் இன்டர்வியூவில் எனக்கு அடி விழுந்ததே அங்கேதான்.

எதிரே மூன்று பேர். பேர், ஊர் எல்லாம் கேட்டு முடித்தபின், அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று ஒருவர் கேட்டார். தெரிந்த கேள்வியாச்சே! நிமிர்ந்து உட்கார்ந்து, "மை ஃபாதர் வில் மேக் ஆத்தங்குடி டைல்ஸ் சார்" என்றேன். அவர் முகத்தை மாற்றாமல், எப்போது ஆரம்பிக்கப் போகிறார் என்று கேட்டார். மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். எதற்குச் சிரிப்பு என்றே அப்போது புரியவில்லை. காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் உறைத்தது. இருபத்தைந்து வருஷமாகப் பட்டறையில் சிமென்ட் கையோடு நிற்கிற மனுஷரை, இனிமேல்தான் வேலைக்குப் போகப்போகிறவராக ஆக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

வேலை கிடைக்கவில்லை. அதைவிட அந்தச் சிரிப்புதான் ரொம்ப நாள் கூடவே இருந்தது.

யோசித்துப் பார்த்தால் நான் தமிழைச் சரியாகத்தான் பேசியிருக்கிறேன். "அப்பா டைல்ஸ் போடுவார்", "நான் அஞ்சு மணிக்கு எந்திரிப்பேன்", "பல்லவன் விடியக்காலம் கிளம்பும்". பழக்கத்தைச் சொல்ல நம் வாயில் தானாக வருவது இந்த வடிவம்தான். இலக்கண வகுப்பில் இதற்கு எதிர்காலம் என்று பேர் வைத்துவிட்டார்கள். செத்துப்போன என் அப்பத்தாவைப் பற்றிப் பேசும்போதுகூட "அப்பத்தா நல்லா கதை சொல்லும்" என்கிறோம். அதற்கு ஏது எதிர்காலம்?

தொல்காப்பியர் இதை அப்போதே கவனித்திருக்கிறார். மூன்று காலத்திலும் மாறாமல் இருக்கிற இயற்கையை 'செய்யும்' என்கிற பொதுச்சொல்லால் சொல்லவேண்டும் என்று சொல்லதிகாரத்தில் விதியே உண்டு. மலை, சூரியன் இதையெல்லாம் உதாரணம் காட்டுவார்கள் உரையாசிரியர்கள். இங்கிலீஷ் வாத்தியார் சிம்பிள் பிரசன்டுக்கு முதல் உதாரணமாக எழுதிப்போடுவதும் அதே சூரியன்தான்! "தி சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்." தமிழில் "உதிக்கும்". நாம் 'உம்' போடுகிற இடத்தில் அவன் 'எஸ்' போடுகிறான், அவ்வளவுதான் சங்கதி.

எங்களுக்குச் சொல்லித்தந்தது வேறு. "ஐ கோ" என்றால் போகிறேன், "ஐ ஆம் கோயிங்" என்றால் போய்க்கொண்டிருக்கிறேன். மனப்பாடம் செய்தோம். ஆனால் கடைக்குக் கிளம்பும்போது "கடைக்குப் போறேம்மா" என்று சொல்கிறோமே, அதற்கு "ஐ கோ" சரிப்படாது, "ஐ ஆம் கோயிங்"தான். "தினமும் போவேன்" என்பதற்குத்தான் "ஐ கோ". மொழிபெயர்ப்பே ஒரு படி தள்ளி விழுந்திருக்கிறது.

இல்லை என்று சொல்லும்போது இன்னும் வம்பு. "அப்பா கறி சாப்பிட மாட்டார்." நான் "ஹி வோன்ட் ஈட் மட்டன்" என்பேன். கேட்கிறவனுக்கு, ஏதோ கோபத்தில் இன்றைக்கு மட்டும் சாப்பிட மறுக்கிறார் என்று படும். "ஹி டஸின்ட் ஈட்" என்றால்தான் பழக்கம். நம் 'மாட்டார்' இரண்டையும் சுமக்கும், அவர்களுக்கு இரண்டு சொல் வேண்டும்.

இனி அந்த 'எஸ்'. நமக்குப் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது என்று ஆளுக்கொரு விகுதி. ஒன்றைக்கூடத் தப்பவிட மாட்டோம். ஆங்கிலத்தில் ஹி, ஷி, இட் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு 'எஸ்', அதைத்தான் மறக்கிறோம். மேக் மேக்ஸ் ஆகும், கோ கோஸ் ஆகும், கேரி 'ஒய்'யைத் தொலைத்து கேரீஸ் ஆகும், ஹேவ் மட்டும் ஹேஸ். கேள்வியிலோ மறுப்பிலோ 'டஸ்' வந்துவிட்டால் 'எஸ்' அதற்குள் போய்விடும். "டஸ் ஹி மேக்" போதும், "டஸ் ஹி மேக்ஸ்" கிடையாது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு 'எஸ்'தான் ரேஷன்.

பழக நான் கண்டுபிடித்த வழி, பட்டறையில் ஓரமாக உட்கார்ந்து அப்பா செய்வதை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பது. கண்ணாடியைத் துடைத்து வைக்கிறார். ஹி கிளீன்ஸ் தி கிளாஸ். மேலே சட்டமும் அச்சும் வைத்து, அறை அறையாகக் கலர் சிமென்டை ஊற்றுகிறார். ஹி போர்ஸ் தி கலர்ஸ். அச்சைத் தூக்குகிறார், லிஃப்ட்ஸ். காய்ந்த மணல் சிமென்டைத் தூவி, மேலே ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுகிறார். சூளை கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, பிறகு காயவைப்பதுதான். "ஹி டஸின்ட் பேக் தெம்." இதைச் சொன்னபோது எனக்கே ஒரு சந்தோஷம், டஸின்ட் சரியாக விழுந்ததில்.

நான் முணுமுணுப்பதை அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"என்னப்பா, புஸ் புஸ்ஸுன்னு?"

இன்டர்வியூ கதையை அன்றைக்குத்தான் சொன்னேன். சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அந்த 'எஸ்' எதுக்கு?"

"நீங்க ஒரே ஆளுங்கறதுக்குப்பா."

பட்டறையைத் திரும்பிப் பார்த்தார். "நாங்க நாலு பேர்ல செய்றோம்?"

"அப்ப 'தே மேக்'. 'எஸ்' வேணாம்."

"அதையே சொல்லு" என்று அடுத்த கண்ணாடியை எடுத்தார்.