தந்தையின் காளை, மகனின் குதிரை

ஆண்டின் மற்ற நாட்களில் தத்தமங்கலம் கடைத்தெருவில் வேகமாகப் போவது பொள்ளாச்சி பஸ் மட்டும்தான். அங்காடி வேல வரும் ஏப்ரல் வெயிலில் அதே தார்ச்சாலை குதிரைகளுக்குச் சொந்தமாகிவிடுகிறது. பந்தயத் திடலோ புல்தரையோ கிடையாது. இருபுறமும் தோள் உரசி நிற்கும் கூட்டம், நடுவே ஒரு சந்து அளவுக்கு வழி. குளம்புச் சத்தம் நெருங்கும்போது கூட்டம் பின்வாங்குகிறது. குதிரை கடந்ததும் மூடிக்கொள்கிறது. குதிரை மேல் இருப்பவர்கள் இளைஞர்கள். தகப்பன்மார்கள் கூட்டத்தில் எங்கோ நிற்கிறார்கள், பெருமைப்படுவதா பல்லைக் கடிப்பதா என்று முடிவு செய்யாத முகத்துடன்.

மலையாளத்தில் 'வேல' என்றால் திருவிழா. உழைப்பு, உத்தியோகம் என்பதற்கும் அதே சொல்தான். பையன் ஒரு வேலையில் உட்கார வேண்டும் என்பது தந்தையின் கவலை. பையனின் மனமோ இன்னொரு வேலயில் இருக்கிறது. இந்த எல்லைப்பகுதியின் வீட்டுச் சண்டைகளில் பாதியை இந்த ஒரு சொல்லுக்குள் அடக்கிவிடலாம்.

சித்தூர் என்றதும் ஆந்திரம் நினைவுக்கு வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம்: இது கேரளத்துச் சித்தூர். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில், ஆற்றங்கரையில் இருக்கிறது. சித்தூரும் தத்தமங்கலமும் சேர்ந்து ஒரே நகராட்சி. பாலக்காடு பிரிட்டிஷ் மலபாரில் இருந்த காலத்தில் சித்தூர் கொச்சி மன்னரின் கீழ் இருந்தது. எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாக நம்பப்படும் குருமடம் இங்கே. ஆனால் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி என்று நகர நகர மலையாளம் தேய்ந்து தமிழ் வளர்கிறது. நெல்வயல் மறைந்து கரிசல் மண்ணும் தென்னையும் வருகின்றன. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் முதுகலை படிக்கலாம். ஆழியாற்றிலிருந்து இந்த வயல்களுக்கு வர வேண்டிய தண்ணீரை இரு மாநில ஒப்பந்தம் 7.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்திருக்கிறது. அதை எண்ணி எண்ணி வாங்குவது ஆண்டுதோறும் நடக்கும் இன்னொரு பந்தயம்.

மாசி மாதத்தில் சித்தூரில் 'கொங்கன் படை' என்றொரு விழா நடக்கிறது. படையெடுத்து வந்த கொங்கனை பகவதியின் அருளால் ஊரார் விரட்டியடித்த கதை. கொங்கன் அனுப்பிய ஓலையைப் படிப்பதும் போர் முழக்கமும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், கொங்கனைத் தோற்கடித்துக் கொண்டாடும் ஊர், ஒரு கட்டத்தில் பந்தயம் பார்க்க வேண்டுமென்றால் கொங்குநாட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

காரணம் காளை. பாலக்காட்டுத் தந்தைமார்களின் பந்தயம் குதிரை அல்ல, காளப்பூட்டு. நீர் தேக்கிய வயலில், நுகத்தில் பூட்டிய ஜோடி, பின்னால் ஒரு பலகை, அதைப் பற்றிக்கொண்டு சேற்றில் பறக்கும் மனிதன். சித்தலி போன்ற ஊர்கள் இதற்குப் பெயர் பெற்றவை. உழவுக்கு வேண்டிய மாட்டைவிடப் பந்தய மாட்டுக்குத் தீனி அதிகம், கவனிப்பு அதிகம், வருமானம் ஒன்றுமில்லை. ஆனாலும் நல்ல ஜோடி வைத்திருப்பவர் என்பது ஊரில் ஒரு பட்டம். அந்தப் பட்டத்தைத் தந்தை மகனுக்குக் கொடுத்துவிட்டுப் போவார், மகன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். கயிற்றைக் கையில் கொடுத்த பிறகும் வரப்பில் நின்று கத்துவதை மட்டும் நிறுத்த மாட்டார்.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கயிற்றை இருவர் கையிலிருந்தும் வாங்கிக்கொண்டது. ஜல்லிக்கட்டு வழக்கில் வந்த அந்தத் தீர்ப்பு தமிழகத்து மாட்டு வண்டிப் பந்தயம், மகாராஷ்டிரப் பந்தயம் எல்லாவற்றையும் நிறுத்தியது. காளப்பூட்டு வயல்களும் அதில் அகப்பட்டன. காளையின் உடலமைப்பு குதிரையைப் போல ஓட்டத்துக்கானது அல்ல என்பது நீதிமன்றத்தின் வாதங்களில் ஒன்று. குதிரைப் பந்தயத்துக்கோ அதிர்ஷ்டம் ஏற்கெனவே திறந்திருந்தது. அதைத் தடை செய்ய 1974இல் தமிழக அரசு சட்டம் போட்டது. குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று 1996இல் இதே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தந்தையின் காளை சட்டத்துக்கு வெளியே போயிற்று. மகன் கனவு காணும் குதிரைக்கு அந்தச் சிக்கல் இல்லை. தலைமுறை இடைவெளி பற்றிப் பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

2017 ஜனவரியில் மெரினாவில் கூடிய கூட்டம் தமிழகத்தில் நிலைமையை மாற்றியது. சட்டத் திருத்தம் வந்தது; மகாராஷ்டிரமும் கர்நாடகமும் பின்தொடர்ந்தன. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அவற்றை ஏற்றுக்கொண்டது. அந்த அலையில் கேரளம் இறங்கவில்லை. கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு அப்பால் ரேக்ளா மீண்டும் ஓடத் தொடங்கியபோது, இப்பால் வயல் சும்மா கிடந்தது. கொங்கு ரேக்ளா வேறு ரகம்: இலேசான வண்டி, 200 அல்லது 300 மீட்டர் தூரம், கடிகாரத்தோடு போட்டி. வெற்றி நொடியின் பின்னங்களில் தீர்மானமாகிறது. சேற்றில் வளர்ந்த பெரியவர்களுக்கு இது கொஞ்சம் கணக்குப் பாடம் போலத் தோன்றினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

குதிரையும் தகப்பன்–மகன் பிணக்கும் சேர்ந்தால் மர்ம நாவல் பிறக்கும் என்று காட்டியவர் ஜாக்கியாக இருந்து எழுத்தாளரான டிக் ஃபிரான்சிஸ். 1987இல் வந்த அவரது 'ஹாட் மணி'யில் முறைத்துக்கொண்டிருந்த பணக்காரத் தந்தையும் குதிரையோட்டும் மகனும் ஒரு கொலைக்குப் பிறகு சேர்கிறார்கள். கடைசி நாவல்கள் சிலவற்றை அவர் தம் மகன் ஃபெலிக்ஸுடன் சேர்ந்தே எழுதினார் என்பது நல்ல முடிவு. தமிழ் வாசகர் இதற்கு நாவல் தேடிப் போக வேண்டியதில்லை. பந்தயக் குதிரைகளால் கின்னஸில் இடம் பிடித்த செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமி 1996இல் ஒரு மகனைத் தத்தெடுத்தார். 2015இல் அந்த உறவை முறித்துக்கொள்வதாக அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று காலமானார். எண்ணற்ற கோப்பைகள் வென்றவரின் கடைசி ஆண்டு செய்தித்தாள்களில் பந்தயப் பக்கத்தில் வரவில்லை.

இதே எல்லை தெற்கே இடுக்கியில் மலையாகிறது. குமுளியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் கூடலூர், கம்பம். காலையில் ஏலத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மேலே போகின்றன. கீழே, கம்பம் பள்ளத்தாக்கின் சாலைகளில் மாட்டு வண்டிகள் மைல் கணக்கில் ஓடுகின்றன. இங்கே கடிகாரம் இல்லை, நேருக்கு நேர் மோதல். மாடுகளைப் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று பிரிக்கிறார்கள். பறவைகளின் பெயரைக் காளைகளுக்கு வைத்தவர் யாரோ நல்ல கவிஞராக இருந்திருக்க வேண்டும். ஒலிபெருக்கியில் முதலில் வருவது உரிமையாளரின் பெயர், வண்டியோட்டியின் பெயர் அப்புறம். அப்பா உரிமையாளர், மகன் சாரதி என்றால் எந்தப் பெயர் முதலில் என்பதில் சந்தேகமே இல்லை.

அந்த விஷயத்தில் தத்தமங்கலம் மகன்களுக்குச் சாதகமான ஊர். தெருவில் ஓடும் குதிரையைப் பார்க்கிறவர்கள் கேட்பது "யாரு ஓட்டுறது?" என்றுதான். ஆனால் அந்தத் தெருவுக்கும் விலை உண்டு. 2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தபோது, தடைகளை மீறிப் பந்தயம் நடந்தது. முண்டியடிக்கும் கூட்டத்தின் வீடியோ நாடெங்கும் பரவியது. போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. பையன்களின் வீரத்தைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் அடுத்த நாள் பேச்சு வழக்கைப் பற்றியது.

பந்தயம் முடிந்த மாலையில் குதிரைகளை நடத்திக்கொண்டு போகிறார்கள். வியர்வை உலர, நுரை துடைக்க, கால் பார்க்க. உழவு மாடு வைத்திருந்த பெரியவர்களில் ஒருவர் வழியில் நிறுத்தி, குனிந்து, முன்னங்காலைத் தூக்கிப் பார்ப்பதுண்டு. குதிரையைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. குளம்பைப் பற்றித் தெரியும். பையன் கயிற்றைப் பிடித்தபடி பொறுமையாக நிற்கிறான்.