எங்க பக்கம் யாருக்கும் இல்ல

நர்சம்மா கேட்டது சாதாரணக் கேள்விதான். கர்ப்பம் பதிய வருகிற எல்லாரிடமும் கேட்பது. "வீட்டுல யாருக்கும் சுகர் இருக்கா?"

மகள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "எங்க பக்கம் யாருக்கும் இல்ல."

அப்போது என் கைப்பையில் மெட்ஃபார்மின் அட்டை இருந்தது. காலையில் போட்டது போக எட்டு மாத்திரை பாக்கி. பக்கத்து நாற்காலியில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். அவர் இருந்ததால்தான் அப்படிச் சொன்னேன். நர்சம்மா நோட்டில் 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.

நான் முப்பத்தோரு வருஷம் அறிவியல் டீச்சர். கணையத்தைக் கரும்பலகையில் வரைந்து, இன்சுலின் எங்கே சுரக்கிறது என்று கேட்டு, தப்பாக எழுதிய பிள்ளைக்கு மார்க் குறைத்தவள். எனக்குச் சர்க்கரை வந்தது 2011இல். அதை ஊரில் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். வீட்டில் பெண் இருக்கிறாள், கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது என் காரணம். எங்கள் பக்கத்தில் ஜாதகத்தில் செவ்வாய் இருந்தால்கூடப் பரிகாரம் சொல்லிவிடுவார்கள். பெண்ணின் தாய்க்கும் பாட்டிக்கும் சர்க்கரை என்று தெரிந்தால் பேச்சு அப்படியே நின்றுபோகும்.

இந்த மறைப்பு என்னோடு தொடங்கியதல்ல. என் அம்மா திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் பருத்தி எடுத்தவள். கம்பங்கூழும் குதிரைவாலிச் சோறும் தின்று, விடியுமுன் காட்டுக்கு நடந்தவள். மழை பொய்த்துப் பொய்த்து எங்கள் புஞ்சையில் சீமைக்கருவேல் ஏறியது. பிறகு அதை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்குத்தான் அந்த நிலத்தில் வேலை. அம்மா வீட்டோடு உட்கார்ந்தாள். மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறு. சில வருஷத்தில் சர்க்கரை வந்து, கால் புண் ஆறாமல் இரண்டு விரலை எடுத்தார்கள். ஊரில் கேட்டவர்களிடம், "கருவமுள்ளு குத்திப் புரையோடிருச்சு" என்றோம். முள்ளுக்குப் பஞ்சமில்லாத ஊர். யாரும் சந்தேகப்படவில்லை. நோயோடு பொய்யும் சேர்ந்தேதான் எங்கள் வீட்டில் கைமாறியது.

நர்சம்மா கேட்ட கேள்விக்கு என்ன பெறுமானம் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. தாய், தகப்பன், உடன்பிறந்தவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் கர்ப்ப காலத்தில் அந்தப் பெண்ணுக்கும் வர வாய்ப்பு அதிகம். அதோடு வயது கூடியிருந்தால், கர்ப்பத்துக்கு முன்பே உடம்பு எடை போட்டிருந்தால், சினைப்பையில் நீர்க்கட்டி இருந்திருந்தால், முந்தைய பேறில் சர்க்கரை வந்திருந்தால், முந்தைய குழந்தை நாலு கிலோவுக்கு மேல் பிறந்திருந்தால், காரணம் தெரியாமல் வயிற்றிலேயே இறந்திருந்தால், இன்னும் அதிகம். நம் நாட்டுப் பெண்களுக்கோ எந்தக் காரணமும் இல்லாமலே மற்ற பல நாட்டுப் பெண்களைவிட அதிகம்.

என் மகளுக்கு இதில் பாதிக்கு மேல் பொருந்தும். கல்யாணத்தின்போது வயது 28. சென்னையில் நாற்காலி வேலை. கல்லூரிக் காலத்திலேயே நீர்க்கட்டிக்கு மாத்திரை சாப்பிட்டவள். கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடித்திருக்கும். பெண் பார்க்க வருமுன் நாலு மாதம் எலுமிச்சம்பழமும் கடலைமாவும் போட்டு அதைத் தேய்த்தேன். அழுக்கு என்றே நினைத்தேன். உடம்பு இன்சுலினுக்குச் சரியாக மசியவில்லை என்று தோல் காட்டுகிற அடையாளம் அது. கழுத்து சிவந்து அவள் அழுததுதான் மிச்சம், கறுப்பு போகவில்லை.

இன்னொன்றும் உண்டு. 1994இல் அவள் பிறந்தபோது எடை நாலேகால் கிலோ. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். "திருஷ்டி சுத்திப் போடு" என்றாள் அம்மா. சமீபம்வரை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நாளில் எனக்கு யாரும் சர்க்கரை பார்க்கவில்லை. எனக்கு அப்போதே இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். அப்படிப்பட்ட தாயின் வயிற்றில் வளர்ந்த பெண் குழந்தை, தான் கர்ப்பமாகும்போது அதே நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம்.

என்னைப் போன்ற பொய்காரிகள் உண்டு என்று தெரிந்தோ என்னவோ, தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை மட்டும் நம்பி விடுவதில்லை. 2007இலேயே கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று அரசு ஏற்பாடு செய்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் சென்னை மருத்துவர் வி. சேஷையா. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10தான் நாட்டில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாள். அவர் குழுவினர் தமிழ்நாட்டில் பார்த்தபோது கர்ப்பிணிகளில் நகரத்தில் நூற்றுக்கு 17.8 பேருக்கும், சிறுநகரத்தில் 13.8 பேருக்கும், கிராமத்தில் 9.9 பேருக்கும் இது இருந்தது. கிராமம், காட்டு வேலை, நமக்கெல்லாம் வராது என்ற பேச்சு அந்தக் கடைசி எண்ணோடு முடிந்தது.

சோதனையும் எளிது. வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல்முறை வரும்போதே ஒரு தடவை, அதில் சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை. இரண்டாவதுதான் முக்கியம். நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் மாதம் ஏற ஏற இன்சுலினுக்கு முட்டுக்கட்டை போடும். அதை ஈடுகட்டத் தாயின் கணையம் கூடுதலாகச் சுரக்க வேண்டும். முடியாதவர்களுக்கு அந்த நேரத்தில்தான் சர்க்கரை ஏறும்.

முதல் சோதனையில் மகளுக்கு 122. குளுக்கோஸ் தண்ணீர் குமட்டி, வேப்பமரத்தடியில் இரண்டு மணி நேரம் துப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

26ஆவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது சோதனைக்கு வரச் சொன்னார்கள். வளைகாப்புக்கு நாலு நாள் இருந்தது. மகள் கிளம்பத்தான் செய்தாள். நான்தான் தடுத்தேன். "அதான் ஒரு தடவை பாத்தாச்சுல்ல. அந்தத் தண்ணியக் குடிச்சு மறுபடி வாந்தி எடுத்துட்டு விசேஷத்துல எப்படி நிப்ப? நம்ம வீட்டுல யாருக்கும் இல்லன்னு எழுதியிருக்காங்கல்ல, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

நானே சொன்ன பொய்யை நானே சாட்சிக்கு இழுத்தேன். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு அரைக்கிலோ சீரணி மிட்டாயோடு வந்தார்கள். காலையில் இட்லி ஆறு, பதினோரு மணிக்கு மாம்பழ ஜூஸ், மத்தியானம் குழம்புக்கு ஒரு தடவை சோறு, ரசத்துக்கு ஒரு தடவை. "ரெண்டு உசுருக்குத் திங்கணும்" என்று ஊட்டாத குறையாகக் கொடுத்தேன். மாடிப்படி ஏறவிடவில்லை. ஏழு வாரம் இப்படிப் போயிற்று.

33ஆவது வாரம் ஸ்கேனில் குழந்தை வயதுக்கு மீறிய வளர்த்தி, பனிக்குட நீரும் அதிகம். அன்றே குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தார்கள். 214.

டாக்டர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். சம்பந்தியம்மாவும் கூடவே இருந்தார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தேன். "எனக்கு இருக்கு. எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு."

வெளியே வந்ததும் சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூசி நின்றேன். அவர் சொன்னார், "எனக்குத் தெரியும் மதினி. பூ வைக்க வந்த அன்னிக்கே காப்பியில சீனி வேணாம்னு சொன்னீங்களே. எங்க வீட்டுலயும் ரெண்டு பேருக்கு இருக்கு. இத யாரு கேக்கப் போறான்னு நானும் விட்டுட்டேன்."

அந்த அறையில் உண்மை தெரியாதது நர்சம்மாவின் நோட்டுக்கு மட்டும்தான்.

அன்று மாலையே இன்சுலின் ஆரம்பித்தார்கள். சோற்றைக் குறைத்தோம். காய், பயறு, மோர், வேளைக்குக் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பாடு, சாப்பிட்டபின் நடை. குதிரைவாலி வாங்கப் போனேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி மண்ணில் விளைகிற தானியம். நாங்கள் கைவிட்ட அதை இப்போது பொன்னி அரிசியைவிடக் கூடுதல் விலைக்குப் பாக்கெட்டில் வாங்கினேன். அதையும் அளந்துதான் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

38ஆவது வாரம் அறுவை செய்து பெண் குழந்தை பிறந்தது. 4.1 கிலோ. இந்த முறை நான் யாரிடமும் எடையைச் சொல்லவில்லை. பிறந்து ஒரு மணி நேரத்தில் அவள் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். 36. குழந்தைக்கு 45க்குக் கீழே போகக் கூடாது. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடி தாண்டிப் போகும், தாயின் இன்சுலின் போகாது. அதனால் குழந்தையின் கணையமே கூடுதலாகச் சுரந்து பழகிவிடுகிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், சுரந்த இன்சுலின் நிற்காது. என் பேத்தியின் ரத்தத்தில் நடந்தது அதுதான். மூன்று நாள் அவளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். நாலாம் நாள் தாயிடம் கொடுத்தார்கள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் மகளுக்குச் சர்க்கரை வந்திருக்கும். அது என்னால் வந்ததல்ல. ஆனால் 26ஆவது வாரமே தெரிந்திருந்தால் சோற்றிலும் நடையிலுமே அடங்கியிருக்கலாம். அந்த ஏழு வாரத்தை என் மகளிடமிருந்து எடுத்தவள் நான். சம்பந்தி வீட்டில் என் மதிப்பு குறையக் கூடாது என்று எடுத்தேன்.

ஆறாவது வாரம் மறுபடி அதே 75 கிராம் குளுக்கோஸ். நானே கூட்டிக்கொண்டு போய், அதே வேப்பமரத்தடியில் கூட உட்கார்ந்திருந்தேன். 131. இப்போதைக்குத் தப்பித்தாள். ஆனால் கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் அது நிரந்தரமாக வரும் வாய்ப்பு பல மடங்கு என்பதால் வருஷா வருஷம் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகும்போது நர்சம்மா அந்தக் கேள்வியைக் கேட்பார். இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். சம்பந்தி காதில் விழுந்தால் விழட்டும். இரண்டாவது சோதனைக்குச் சொன்ன செவ்வாய்க்கிழமையன்று வீட்டில் எந்த விசேஷம் இருந்தாலும் அவளை அனுப்பிவையுங்கள்.